எல்.எஃப்.ஓ-வை மெதுவாக்கவும் வி.சி.ஓ-வில் இன்னொரு ஜாக் சேர்க்கவும் மாட்யூலைத் திறக்கலாமா?

சுருதிதேடி, ஆயர் ஈத்தாம், பினாங்கு:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை கர்நாடக சங்கீதம் பாடுகிறாள். ஐந்து கட்டை சுருதியில் அவள் சாதகம் செய்யும்போது, மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஓர் ஆதார ஓசையை என்னுடைய சிறிய யூரோராக் (மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி) பெட்டியிலிருந்து தம்பூராவோடு சேர்த்துக் கொடுத்து வருகிறேன். பெட்டியில் உள்ளவை ஒரு வி.சி.ஓ (ஒலியை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர் (ஒலியின் நிறத்தை மாற்றுவது), ஒரு வி.சி.ஏ (ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது), ஒரு எல்.எஃப்.ஓ (மெல்ல ஏறி இறங்கும் அலையைத் தருவது) ஆகிய நான்கு மாட்யூல்கள்தாம். இதற்கு மேல் வாங்கும் வசதி இப்போது இல்லை, வாங்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. இருப்பதையே எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, எல்.எஃப்.ஓ-வின் குமிழை எவ்வளவு குறைத்தாலும் ஓர் அலைக்கு ஏறத்தாழ இரண்டு நொடிதான் ஆகிறது. பாடுபவர் மூச்செடுத்து ஒரு சங்கதியை முடிப்பதற்குள் ஓசை ஐந்தாறு முறை ஏறி இறங்கிவிடுவதால், அது தாலாட்டாக இல்லாமல் நடுக்கமாகவே கேட்கிறது. எனக்கு ஓர் அலைக்கு இருபது நொடியாவது வேண்டும். முன்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வேகக் குமிழின் பின்புறம் 1 மெகா ஓம் என்று உள்ளது. எட்டுக் கால் ஐசி (மின்சுற்றுச் சில்லு) ஒன்றின் அருகே 474 என்று பொறித்த பெட்டி வடிவ மின்தேக்கி ஒன்று இருக்கிறது.

இரண்டாவது, வி.சி.ஓ-வில் ஓர் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) ஒரு வோல்ட் என்ற கணக்கில் இயங்கும் நுழைவாய் (ஜாக்) ஒன்றும், குமிழோடு கூடிய எஃப்.எம். (சுரத்தை அசைக்கும்) நுழைவாய் ஒன்றும் மட்டுமே உள்ளன. கீபோர்டையும் எல்.எஃப்.ஓ-வையும் செருகிவிட்டால் இடம் தீர்ந்துவிடுகிறது. கால் பெடலை மிதித்துக் கமகம் போன்ற சிறு அசைவுகளைக் கொடுக்க மூன்றாவது நுழைவாய் ஒன்று தேவைப்படுகிறது.

மூன்றாவது, குளிர்சாதன அறையில் சேர்த்துவைத்த சுருதி, பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மின்விசிறிக் காற்றில் வைத்த அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. தங்கைக்குக் காது கூர்மை என்பதால் முதலில் அவள் முகம்தான் அதைச் சொல்லும்.

எனக்கு சோல்டர் செய்யத் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கத்) தெரியும். கிட்டார் கேபிள்களையும் ஓரிரு எஃபெக்ட் பெடல் கிட்டுகளையும் செய்திருக்கிறேன். மின்சுற்று வரைபடத்தைத் தடுமாறித் தடுமாறிப் படிப்பேன். இம்மூன்றில் எதை நான் துணிந்து செய்யலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயக்கம்பி, செந்தூல், கோலாலம்பூர்:

வணக்கம் தம்பி. குமிழின் எண்ணையும் மின்தேக்கியின் எண்ணையும் பார்த்துச் சொன்னதால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். நான் உறுமி மேளக் குழுக்களின் ஆம்ப்ளிஃபையர்களையும் மிக்சர்களையும் பழுது பார்ப்பவன். பத்தாண்டுகளாக யூரோராக்கும் கைவேலையாகச் சேர்ந்துகொண்டது.

எல்.எஃப்.ஓ-வைப் பொறுத்தவரை, எளிய முக்கோண அலைச் சுற்றில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் (ஐசிக்குள் இருக்கும் மின்னழுத்தப் பெருக்கிகள்) ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். ஒன்று மின்தேக்கியில் சீரான வேகத்தில் மின்னூட்டத்தை ஏற்றும். மற்றது அதன் எல்லையைக் கவனித்துக்கொண்டிருந்து, எல்லை வந்ததும் திசையைத் திருப்பிவிடும். ஓர் அலைக்கு ஆகும் நேரம், பொதுவாகக் காணும் ஓர் அமைப்பில், மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி அதை நான்கால் பெருக்கினால் கிடைப்பது. உங்கள் குமிழ் 1 மெகா ஓம். 474 என்றால் 0.47 மைக்ரோ ஃபாரட். பெருக்கிப் பார்த்தால் 1.88 நொடி வருகிறது. நீங்கள் ஏறத்தாழ இரண்டு நொடி என்று சொல்வதோடு இது பொருந்துவதால், உங்கள் மாட்யூலிலும் இதே சுற்றுதான் இருக்கிறது என்று நம்பி மேலே செல்லலாம்.

இருக்கும் மின்தேக்கியை எடுக்கவே வேண்டாம். அதற்கு இணையாக 4.7 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை ஒரு சிறு சுவிட்ச் வழியாகச் சேர்த்தால் மொத்தம் 5.17 ஆகிவிடும், அலையின் நேரம் பதினொரு மடங்காகி, ஏறத்தாழ 20.7 நொடிக்கு வரும். சுவிட்சைத் திறந்தால், அதாவது இணைப்பைத் துண்டித்தால், பழைய வேகம் அப்படியே திரும்பக் கிடைக்கும். பிடிக்காவிட்டால் இரண்டு கம்பிகளைக் கழற்றினால் போதும், மாட்யூல் வாங்கிய நிலைக்கே போய்விடும். முதல் முறை திறப்பவர்களுக்கு நான் இத்தகைய திரும்பப்பெறக்கூடிய மாற்றங்களைத்தான் சொல்வேன்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. அந்த மின்தேக்கியின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் நேராகவும் எதிராகவும் மாறி மாறி வரும் என்பதால், கூட்டல் கழித்தல் குறியுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போடக்கூடாது. எதிர்த்திசையில் அது கசியும், அலை ஒரு பக்கம் சாயும், சில வேளைகளில் பாதியில் நின்றேவிடும். 63 வோல்ட் பாலியெஸ்டர் மின்தேக்கி சற்றுப் பெரிதாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். அடுத்தது, சுவிட்சை எந்தப் பக்கம் வைப்பது என்பது. மின்தேக்கியின் ஒரு கால் ஆப்-ஆம்பின் வெளியீட்டில் இருக்கும். மறு கால் கழித்தல் உள்ளீட்டில் இருக்கும். அந்த உள்ளீடு மிக மெல்லிய மின்னோட்டத்துக்கும் அசையக்கூடிய இடம். ஆகவே புதிய மின்தேக்கியின் ஒரு காலை உள்ளீட்டுப் புள்ளியிலேயே நேராகப் பற்றவைத்து, முன்பலகைச் சுவிட்சுக்குப் போகும் நீண்ட கம்பிகளை வெளியீட்டுப் பக்கம் வையுங்கள். கம்பி இழுத்துவரும் இரைச்சல் அங்கே ஒன்றும் செய்யாது. சுவிட்சைப் போடும் கணத்தில் இரண்டு மின்தேக்கிகளும் சமனாகும்போது அலை ஒரு குதி குதிக்கும். பாட்டுக்கு நடுவில் அதைத் தொடவேண்டாம்.

இனி வி.சி.ஓ-வுக்கு வருவோம். இங்கேதான் மாட்யூலர் இசைக்கருவியின் உள்ளழகு இருக்கிறது என்பது என் எண்ணம். நுழைவாய் ஒவ்வொன்றும் ஒரு மின்தடை வழியாக ஒரே ஆப்-ஆம்பின் கழித்தல் உள்ளீட்டில் வந்து கூடுகிறது. ஊரில் பல வாய்க்கால்கள் ஒரே குளத்தில் விழுவதைப் போன்றதுதான் இது. ஆனால் இந்தக் குளத்தின் மட்டம் எப்போதும் பூஜ்ஜிய வோல்ட்டிலேயே நிற்கும். எவ்வளவு வந்தாலும் ஆப்-ஆம்ப் அதை உடனே ஈடுசெய்துவிடும். அதனால்தான் ஒரு நுழைவாய் மற்றொன்றைத் தொந்தரவு செய்வதில்லை. மூன்றாவது நுழைவாய் வேண்டுமென்றால் மூன்றாவது மின்தடை ஒன்றை அதே புள்ளிக்குக் கொண்டுபோனால் முடிந்தது.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க, மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஆக்டேவ் ஜாக்கின் முனையிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு மின்தடையின் ஒரு பக்கம் போய்ச் சேரும். பெரும்பாலும் 100 கிலோ ஓம் இருக்கும். அதன் மறுபக்கம் எந்த ஐசி காலுக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த ஐசி டி.எல்.072 வகை என்றால் அது 2 அல்லது 6ஆம் காலாக இருக்கவேண்டும், டி.எல்.074 என்றால் 2, 6, 9, 13 ஆகியவற்றில் ஒன்று. பிறகு மின்சாரம் கொடுத்து, கீபோர்டில் வெவ்வேறு சுரங்களை அழுத்தியபடி அந்தப் புள்ளியின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். எந்தச் சுரத்துக்கும் அசையாமல் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால் அதுதான் நீங்கள் தேடும் இடம். எண் மாறிக்கொண்டே இருந்தால் வேறெங்கோ இருக்கிறீர்கள். சோல்டர் இரும்பை எடுக்காதீர்கள்.

உங்கள் பெடலுக்கு 100 கிலோ ஓம் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு முழு ஆக்டேவ் தாவும், கால் பெருவிரல் நடுங்கினாலும் சுரம் ஓடிவிடும். 1 மெகா ஓம் போடுங்கள். அப்போது ஒரு வோல்ட்டுக்கு ஆக்டேவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஓர் அரைச்சுரத்தைவிடச் சற்றே அதிகமாக மட்டும் நகரும். தோடியின் காந்தாரத்தைப் போன்ற அகன்ற அசைவுக்கும் பெடலின் முழு வீச்சு போதும். சிறிய ஜாருவும் (வழுக்கிச் செல்லும் கமகம்) கைக்கு அடங்கும். அந்த மின்தடையை ஜாக்கின் அருகில் வைக்காமல் ஐசியின் அருகிலேயே வையுங்கள். காரணம் முன்பு சொன்னதுதான்.

சுருதி இறங்குவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முதலில் மாட்யூலின் பின்பக்கப் படம் ஒன்று வேண்டும்.

பெட்டிக்கு வெளியே, கிள்ளான்:

ஈயக்கம்பி அண்ணன் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் என் கருத்து வேறு. உத்தரவாதக் காலம் முடியாத மாட்யூலைத் திறக்கும் முன், அதே காரியத்தை வெளியே செய்ய முடியுமா என்று பார்க்கவேண்டும். பெடலையும் எல்.எஃப்.ஓ-வையும் கலந்து ஒரே எஃப்.எம். நுழைவாய்க்குக் கொடுக்க ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி, மூன்று ஜாக்குகள், இரண்டு 100 கிலோ ஓம் குமிழ்கள், இரண்டு மின்தடைகள் போதும். மின்சாரமே தேவைப்படாத பெட்டி என்பதால் எதுவும் எரியாது. அளவு சற்றுக் குறையும், இரண்டு குமிழ்களும் ஒன்றையொன்று சிறிது இழுக்கும். கமகத்துக்கும் மெல்லிய அதிர்வுக்கும் அது பெரிய குறையாக இராது.

ஆனால் ஆக்டேவ் நுழைவாய்க்கு மட்டும் இத்தகைய மின்சாரமற்ற பெட்டியை இடையில் வைக்காதீர்கள். மாட்யூல்களின் வெளியீடுகளில் 1 கிலோ ஓம் மின்தடை இருப்பது வழக்கம். அதை 100 கிலோ ஓம் நுழைவாய் ஒன்றில் செருகும்போதே ஒரு விழுக்காடு குறைகிறது; இரண்டு வி.சி.ஓ-வுக்குப் பிரித்தால் இரண்டு விழுக்காடு. சுருதி பார்ப்பவர்களுக்கு அது தெரியும்.

திறப்பது என்று முடிவு செய்துவிட்டால், மறுபடி மூடும்போது மின்சாரம் கொண்டுவரும் நாடா கேபிளின் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். யூரோராக்கில் அது கழித்தல் 12 வோல்ட் பக்கம். எல்லா மாட்யூலிலும் பாதுகாப்பு டயோடு இருக்கும் என்று நம்பவேண்டாம். நான் கருக்கிய ஒரே மாட்யூல், மாற்றம் அனைத்தையும் பிழையில்லாமல் செய்து முடித்தபின் கேபிளைத் தலைகீழாகச் செருகியதால் போனது, டி.எல்.074 இரண்டும் விரலைச் சுட்டன. அதன் பிறகு, கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுகிறேன். இன்னொன்று: 12 வோல்ட் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் 230 வோல்ட் சுவர் மின்சாரம் நேராக நுழையும் மின்வழங்கி உள்ளே இருக்குமானால் அந்தப் பக்கம் கை வைக்கவேண்டாம்.

வெள்ளீயம், பாயான் லெப்பாஸ், பினாங்கு:

தம்பி, நீங்களும் பினாங்கு என்பதால் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வந்தேன். 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நானும் பதினாறு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் பலகைகளைச் சோல்டர் செய்தும் சரிபார்த்தும் இருக்கிறேன். சுற்றைப் பற்றி மேலே உள்ள அண்ணன் எனக்குத் தெரியாததையெல்லாம் சொல்லிவிட்டார். கைவேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் மாட்யூல் அண்மையில் தயாரானதாக இருந்தால் அதில் இருப்பது ஈயம் இல்லாத சோல்டராக இருக்கும். அது 217 பாகை அளவில்தான் உருகும். ஈயம் கலந்த பழைய 63-37 சோல்டர் 183 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே பழைய இணைப்பை உருக்க இரும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், செப்புத் தடம் பலகையை விட்டு உரிந்துவிடும். இரும்பை 350 பாகையில் வைத்து, ஈயம் கலந்த புதிய சோல்டரை ஒரு துளி அந்த இணைப்பின் மேல் விடுங்கள். இரண்டும் கலந்தவுடன் முழுவதும் ஒன்றாக இளகும். பிறகு உங்களுக்கு வேண்டிய கம்பியை வைத்து, இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிடுங்கள். நல்ல இணைப்பு என்றால் சோல்டர் கம்பியின் மேல் ஏறிக் குழிந்து நிற்கும். உருண்டையாக, நீர்த்துளி போல உட்கார்ந்திருந்தால் அது ஒட்டவில்லை என்று பொருள். வேலை முடிந்ததும் சோறு தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முன்பலகையில் ஓட்டை போடுவதாக இருந்தால், அதை மின்சுற்றிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் போடுங்கள். 3.5 மில்லிமீட்டர் ஜாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை சரியாக இருக்கும். முதலில் 3 மில்லிமீட்டர் துளையிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். அலுமினியம் கிழியாமல் வரும். அந்த அலுமினியத் துகள் ஒன்று ஐசியின் இரண்டு கால்களுக்கு இடையில் விழுந்தாலே போதும், எங்கே பிழை என்று ஒரு வாரம் தேடவேண்டி வரும்.

கடைசியாக, ஃபிளக்ஸ், அதாவது சோல்டர் நன்றாக ஒட்டுவதற்குத் தடவும் பொருள். நீர்க்குழாய் ஒட்ட இரும்புக் கடையில் விற்கும் டப்பா ஃபிளக்ஸில் அமிலத்தன்மை உண்டு. அது வீட்டுக்குள்ளேயே வரவேண்டாம். மின்னணு வேலைக்கான ரோசின் ஃபிளக்ஸ் மட்டும் போதும். அதையும் வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

சுருதிதேடி, ஆயர் ஈத்தாம், பினாங்கு:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பொறுமையாக விளக்கிய மூவருக்கும் முதலில் என் நன்றி. கிள்ளான் அண்ணன் சொன்ன கலவைப் பெட்டியை முதல் வாரமே செய்து முடித்தேன். அதை வைத்துக்கொண்டே பெடலுக்கு எவ்வளவு வீச்சு தேவை என்று தெரிந்துகொண்டேன். ஈயக்கம்பி அண்ணன் சொன்ன 1 மெகா ஓம் கணக்கு என் காலுக்குச் சரியாகவே இருக்கும்.

பிறகு எல்.எஃப்.ஓ-வைத் திறந்தேன். கோலாலம்பூரில் வேலையாக இருந்த நண்பர் ஒருவர் புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளிலிருந்து 4.7 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கியையும் சிறு சுவிட்சையும் வாங்கி வந்து கொடுத்தார். புதிய மின்தேக்கியைப் பலகையின் பின்புறம் பசை வைத்துப் படுக்கவைத்து, ஒரு காலை உள்ளீட்டுப் புள்ளியில் நேராகவும், மறுகாலைச் சுவிட்ச் வழியாக வெளியீட்டிலும் சேர்த்தேன். சுவிட்சைத் திறந்து வைத்தால் பழைய இரண்டு நொடி அலை மாறாமல் வருகிறது. மூடினால் மெதுவான அலை வருகிறது. அது முதல் முறை எழுந்தபோது நானும் தங்கையும் மூச்சை அடக்கிக்கொண்டு மாட்யூலின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு குறை. கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஏற 9 நொடியும் இறங்க 12 நொடியும் ஆகின்றன. மொத்தம் 21 நொடி என்பது கணக்குக்கு அருகில் இருக்கிறது. இரு பக்கமும் சமமாக இல்லை. வேகக் குமிழைச் சற்று உயர்த்தினால் இந்த வேறுபாடு குறைகிறது. மழை பெய்த இரவில் வேறுபாடு இன்னும் கூடியது என்பது என் நினைப்பாக இருக்கலாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். மின்தேக்கியில் கூட்டல் கழித்தல் குறி எதுவும் இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

வெள்ளீயம், பாயான் லெப்பாஸ், பினாங்கு:

மழை இரவில் கூடியது உங்கள் நினைப்பு இல்லை, தம்பி. பலகையைத் துடைத்தீர்களா?

சுருதிதேடி, ஆயர் ஈத்தாம், பினாங்கு:

துடைக்கவில்லை, அக்கா. நான் பயன்படுத்திய ஃபிளக்ஸ் பேனாவின் மேல் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று எழுதியிருந்ததால் விட்டுவிட்டேன்.

வெள்ளீயம், பாயான் லெப்பாஸ், பினாங்கு:

அந்த எழுத்தை நம்பி எங்கள் வரிசையிலும் பலகைகள் திரும்பி வந்ததுண்டு. அது முழுச் சூடு பட்டு ஆறிய ஃபிளக்ஸுக்குத்தான் பொருந்தும். பேனாவால் தடவும்போது இணைப்பைச் சுற்றிலும் பரவி, இரும்பின் சூடு போகாத இடத்தில் பாதி வேகாமல் கிடக்கும் ஃபிளக்ஸ் நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி, மின்சாரத்தை மெல்லக் கடத்தும். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியும். சாதாரணச் சுற்றில் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் பற்றவைத்த இடம் அண்ணன் சொன்ன அந்த மெல்லிய புள்ளி.

99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் நீர் கலந்திருக்கும், அது வேண்டாம். மாட்யூலைச் சாய்த்துப் பிடித்து, பழைய பல்துலக்கியால் ஆல்கஹாலை வழியவிட்டுத் தேய்த்து, கரைந்து வருவதைத் தாளால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் ஆல்கஹால் ஆவியாகி ஃபிளக்ஸ் அதே இடத்தில் மெல்லிய படலமாகப் பரவித் தங்கிவிடும். மூன்று முறை செய்யுங்கள். குமிழ்களுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழ் உலரவிட்டு அதன் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ஈயக்கம்பி, செந்தூல், கோலாலம்பூர்:

அக்கா சொன்னது கணக்கோடும் பொருந்துகிறது. குமிழ் கடைசியில் இருக்கும்போது 1 மெகா ஓம் வழியாக அந்த மின்தேக்கிக்குப் போவது ஏறத்தாழ 10 மைக்ரோ ஆம்பியர்தான். அருகில் ஓடும் 12 வோல்ட் தடத்திலிருந்து ஃபிளக்ஸ் படலம் 10 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தாலும் 1.2 மைக்ரோ ஆம்பியர் வந்து சேரும். அது ஒரு திசைக்கு உதவும், மறுதிசையைத் தடுக்கும். 11.2க்கும் 8.8க்கும் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் அளந்த 9, 12 நொடிகள் கிடைத்துவிடும். குமிழை உயர்த்தும்போது அசல் மின்னோட்டம் பெருகுவதால் கசிவின் பங்கு சிறுத்துப்போகிறது; வேறுபாடு குறைவது அதனால்தான். மூன்று பேரும் வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு ஒரே பிசுபிசுப்பைக் கண்டுபிடித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி சுருதி இறங்கும் கதை. நீங்கள் அனுப்பிய வி.சி.ஓ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வோல்ட்டை ஓர் ஆக்டேவாக மாற்றும் வேலையை ஓர் இரட்டை டிரான்சிஸ்டர் செய்கிறது. அதற்கு உண்மையில் போவது ஒரு வோல்ட் இல்லை. ஆக்டேவுக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட்தான். அந்த 18 என்ற எண் நிலையானது அன்று. டிரான்சிஸ்டர் ஒரு பாகை சூடேறினால் அதற்கு வேண்டிய மில்லிவோல்ட் ஏறத்தாழ 0.33 விழுக்காடு கூடுகிறது. கொடுப்பது பழைய அளவிலேயே இருப்பதால் சுருதி இறங்குகிறது. உங்கள் அறை 24 பாகை, கூடம் 31 பாகை என்று வைத்துக்கொண்டால் ஏழு பாகைக்கு 2.3 விழுக்காடு. சுற்றின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு ஆக்டேவ் மேலே உள்ள சுரம் ஓர் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் இறங்கிவிடும். உங்கள் தங்கை முகம் சுளித்ததில் வியப்பில்லை.

இதற்காகவே வெப்பத்தோடு தானும் கூடும் சிறப்பு மின்தடை உண்டு. பாகைக்குப் பத்து லட்சத்தில் 3300 பங்கு கூடும். அதை அந்த டிரான்சிஸ்டரின் உடம்போடு ஒட்டிவைத்தால் இரண்டும் ஒரே சூட்டில் இருந்து ஒன்றையொன்று ஈடுசெய்யும். உங்கள் பலகையில் அந்த இடத்தில் இருப்பது சாதாரண 1 கிலோ ஓம். டிரான்சிஸ்டரைத் தொடாமல் தள்ளியே நிற்கிறது. மாற்றுவது கடினமில்லை. ஆனால் மாற்றியபின் ஐந்து ஆக்டேவுக்கும் மறுபடி அளவு திருத்தவேண்டும். அளவு திருத்தும் சிறு திருகான டிரிம்மரைக் கால் சுற்றுத் திருப்பி, ஆறவிட்டு, மறுபடி பார்த்து என்று ஒரு முழு மாலை போய்விடும். ஆகவே அதை இப்போது தொடவேண்டாம் என்பதே என் முடிவு. முதலில், பாடுவதற்கு அரை மணி நேரம் முன்பே பெட்டியைக் கூடத்தில் வைத்து மின்சாரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சுருதி சேருங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படாதபடி பெட்டியின் பின்புறத்தை மூடுங்கள். அப்படியும் நகர்ந்தால் அந்த மின்தடையை வாங்குங்கள். அளவு திருத்தும்போது நான் தொலைபேசியில் கூடவே இருக்கிறேன்.

சுருதிதேடி, ஆயர் ஈத்தாம், பினாங்கு:

அக்கா சொன்னபடி மூன்று முறை கழுவினேன். முதல் தாளில் மஞ்சள் கறை, இரண்டாவதில் சிறிது, மூன்றாவதில் ஒன்றுமில்லை. இப்போது ஏற 10.3 நொடி, இறங்க 10.4 நொடி. நேற்று மாலை மழை பெய்தபோது மறுபடி அளந்தேன், மாறவில்லை.

பெட்டியை மாலை ஆறு மணிக்கே கூடத்தில் வைத்து, பின்புறத்தில் ஒரு கெட்டி அட்டையைச் சாய்த்துவிட்டு, ஆறரைக்குச் சுருதி சேர்த்தேன். ஏழே முக்கால் வரை தங்கை பாடினாள். இடையில் ஒரே ஒரு முறைதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அப்போதும் குமிழை மயிரிழை அளவே திருப்ப வேண்டியிருந்தது. அந்தச் சிறப்பு மின்தடையை இப்போதைக்கு வாங்கப்போவதில்லை.

வி.சி.ஓ-வில் ஆக்டேவ் ஜாக்கிலிருந்து தடம் பார்த்துச் சென்றதில் 100 கிலோ ஓம் கடந்து டி.எல்.072இன் 6ஆம் காலில் முடிகிறது. கீபோர்டில் எந்தச் சுரத்தை அழுத்தினாலும் அங்கே பூஜ்ஜியம்தான் காட்டுகிறது. சனிக்கிழமை முன்பலகையைத் தனியே கழற்றி ஓட்டை போடுகிறேன். சோல்டர் செய்யும் முன் அந்த இடத்தின் படத்தை இங்கே போடுகிறேன். 1 மெகா ஓம் மின்தடை எந்தப் பக்கம் படுக்கவேண்டும் என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள், அண்ணா.